கட்டாத கப்பல்களின் சொந்தக்காரர்

எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லார் வீட்டுச் சுவரிலும் சாமி படம் உண்டு. பக்கத்திலேயே ஹட்டன் கடைக்காரர்கள் இனாமாகக் கொடுத்த கலண்டரும் உண்டு. அடுத்த காம்பராவில் குடியிருந்த வெல்டிங்காரர் வீட்டில் மட்டும் மாரியம்மனுக்கும் பிள்ளையாருக்கும் நடுவில் ஒரு ஜப்பான் போர்க்கப்பல் நின்றது. கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்த படம். வெள்ளிக்கிழமை சாமிக்குச் சாம்பிராணி காட்டும்போது அதற்கும் சேர்த்தே காட்டுவார்.

புதிதாக வருகிறவர்கள், “இது எந்தச் சண்டையில ஓடுன கப்பலுங்க?” என்று கேட்பார்கள். அவருக்கு அந்தக் கேள்விதான் வேண்டும். நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்.

“எந்தச் சண்டையிலயும் ஓடல. கட்டவே இல்ல.”

“அப்பறம் எதுக்கு மாட்டி வச்சிருக்கீங்க?”

“கட்டினத மாட்டி வைக்க ஊருபட்ட ஆளு இருக்கு. கட்டாததுக்கு நான் ஒருத்தன்தான் இருக்கேன்.”

அவர் மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பார். “கட்டின பொண்டாட்டி இங்க கெடக்கேன், கட்டாத கப்பலுக்குச் சாம்பிராணி!” இது வாராவாரம் நடக்கும்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். வளவளப் பேச்சு எனக்கு ஆகாது. ஆனால் எங்கள் லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரைவரை போகாது. அதனால் அந்த மனிதர் பேசியது அத்தனையும் எனக்கும் சேர்த்துப் பேசியதாகிவிட்டது. பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன், சுவருக்கு மேலால் பீரங்கி வந்து விழும். இரண்டொரு தடவை கரண்டியால் சுவரைத் தட்டி, “அண்ணே, கப்பல கொஞ்சம் தள்ளி ஓட்டுங்க” என்று கத்தியிருக்கிறேன்.

அந்தப் பைத்தியம் அவருக்கு ஒரு சுரங்கத்துக்குள் பிடித்தது. மலையைக் குடைந்து நீர்மின் திட்டம் போட்ட இடமொன்றில் இளவயதில் அவருக்கு வெல்டிங் வேலை. அங்கே இருந்த ஜப்பான்கார எஞ்சினியர் ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கப்பல் சஞ்சிகையைப் புரட்டிக்கொண்டிருப்பாராம். இவர் எட்டிப் பார்த்திருக்கிறார். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை இங்கிலிஷும் கால்வாசிச் சிங்களமும்தான். அதிலேயே விஷயம் விளங்கிவிட்டது: வரைந்து முடித்து, கணக்குப் போட்டு முடித்து, கடைசியில் கட்டாமல் விட்ட கப்பல்கள். எஞ்சினியர் ஊருக்குப் போகும்போது சஞ்சிகையை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே இருந்த எழுத்து ஒன்றுகூட இவருக்குத் தெரியாது. பிறகு கைத்தொலைபேசி வந்ததும் படங்களைத் தேடித் தேடி எடுத்து, மகளை மொழிபெயர்ப்பைத் தட்டச் சொல்லி, விடுபட்ட இடங்களைத் தன் மண்டையிலிருந்து நிரப்பிக்கொண்டார். எது படித்தது, எது நிரப்பியது என்று அவர் குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. இரண்டையும் ஒரே தைரியத்தோடு சொல்வார்.

“ஒலகத்துலயே பெரிய போர்க்கப்பல் ரெண்டு, அவங்கதான் கட்டினாங்க. ரெண்டையும் ஆகாயத்துல இருந்து குண்டு போட்டு முக்கிட்டானுக. கட்டினதெல்லாம் கடலுக்கு அடியில கெடக்கு தங்கச்சி. கட்டாததுதான் இன்னும் மெதக்குது.”

இதைக் கேட்ட அன்று நான் தாள் திருத்துவதை நிறுத்திவிட்டேன். ஒத்துக்கொள்கிறேன், அந்த ஆள் சில நேரம் நன்றாகத்தான் பேசுவார்.

சுவரில் இருந்தது அந்த இரண்டுக்கும் பிறகு வந்திருக்க வேண்டிய கப்பல். மூன்று மேடை, மேடைக்கு இரண்டு பீரங்கி. ஒரு நாள் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக்களத்தில் கொழுந்து நிறுக்கக் காத்திருந்த பெண்ணொருத்தியின் கூடையை வாங்கித் தூக்கிக் காட்டினார். “இந்தா, கூடையோட வாய் இருக்குல்ல, அம்புட்டு அகலம் அந்தக் குழாயோட வாய்.” அந்தப் பெண் கூடையைப் பிடுங்கிக்கொண்டு, “வாயி ஒங்களுக்கும் அம்புட்டுத்தான்” என்று சொல்லிவிட்டுப் போனாள். பெரட்டுக்களமே சிரித்தது, அவரும் சிரித்தார்.

அந்தக் கப்பலுக்கு வேண்டிய தடிப்பில் ஒரே தகடாக இரும்பு அடிக்க அங்கே வசதி இல்லையாம். இரண்டு தகட்டைச் சேர்த்து வைக்கலாம் என்று யோசித்தார்களாம். அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவருக்கு நிஜமாகவே கோபம் வரும். “ரெண்டு தகட்டச் சேத்து வச்சா ஒரு தகடாயிருமா? எந்த வெல்டரையாவது கேட்டிருக்க வேணாமா? நல்லவேளை கட்டல.” போர் முடிகிற நேரத்தில் வரைபடங்களைப் பெரும்பாலும் எரித்துவிட்டதால் அந்தக் கப்பல் உண்மையில் எப்படி இருந்திருக்கும் என்று இன்று யாருக்கும் சரியாகத் தெரியாது. இது மற்றவர்களுக்கு நட்டம். அவருக்கு அது வசதியாகப் போயிற்று.

அதைவிட அவருக்கு நெருக்கமானவை அதற்கு முன்னால் திட்டம் போட்ட நான்கு கப்பல்கள். முதல் உலகப் போர் முடிந்த பிறகு பெரிய நாடுகள் எல்லாம் நான் பெரிதா நீ பெரிதா என்று கப்பல் கட்டிக்கொண்டிருந்தன. பிறகு ஒன்றாக உட்கார்ந்து, இனி இப்படிக் கட்டுவதில்லை என்று கையெழுத்துப் போட்டன. பாதி கட்டிய கப்பல்களைக்கூட உடைத்தார்கள், சிலதை வேறு வேலைக்கு மாற்றினார்கள். இந்த நான்குக்கும் பெயர் வைக்கக்கூட நேரம் வரவில்லை, நம்பர் மட்டும்தான். “பேரில்லாம எப்படி விடுறது?” என்று இவரே வைத்தார். ஜப்பான்காரர்கள் போர்க்கப்பலுக்கு மாகாணங்களின் பெயரை வைப்பார்களாம். ஆகவே இவரும் முறைப்படி ஊர்ப் பெயர்களாகவே வைத்தார்: ராகலை, வட்டவளை, பொல்பிட்டிய, றொசல்ல. நான்கிலும் வேகமானது றொசல்லதானாம். ஏன் என்று கேட்டேன். “அந்த ரயில் ஸ்டேசன்ல கோச்சி நின்னு நீ எப்பப் பாத்த?” என்றார்.

இப்போது அவர் எங்கள் தோட்டத்தில் இல்லை. மகள் கல்யாணமாகிக் கொழும்புக்குப் போனதும் இவர்களும் கூடவே போய்விட்டார்கள். கப்பல் பழுதுபார்க்கிற இடமொன்றில் வெல்டிங் வேலையாம். கப்பலுக்கு அடியில் படுத்து வேலை செய்கிற மனிதரிடம், “எப்படிண்ணே, ஆசை தீந்துச்சா?” என்று போனில் கேட்டேன். “இதெல்லாம் கட்டின கப்பல்தானே தங்கச்சி” என்று அலுத்துக்கொண்டார்.

எங்களோடு இருந்தபோது அவர் வேலை செய்த முறையும் இப்படித்தான். ஹட்டனில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர், கடைக்கு மேலே மூன்று மாடி உயரத்துக்குப் பெயர்ப்பலகை வைக்க இரும்புச் சட்டம் வேண்டும் என்று கேட்டார். இவர் அழகாக வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தார். நானாவுக்கு ஒரே சந்தோஷம். எப்போது வேலையைத் தொடங்கலாம் என்று கேட்டார்.

“தொடங்க வேணாம் நானா. இந்தக் காத்துக்கு அது நிக்காது.”

“அப்ப என்னத்துக்கு வரஞ்சீங்க?”

“வரஞ்சாத்தானே நானா கட்டக்கூடாதுன்னு தெரியும்!”

நானா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. இப்படி எத்தனையோ. அவர் வாயில் எப்போதும் ஒரு பேச்சு இருக்கும்: “நிப்பாட்டுறதும் ஒரு வேலைதான்.” சொல்லும்போது வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார். கண்ணைச் சுற்றி மட்டும் வெளுத்து, மற்ற முகமெல்லாம் கறுத்து, பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

ஊருக்கெல்லாம் நிப்பாட்டச் சொன்ன இந்த மனிதர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நிப்பாட்டத் தெரியாமல் இருந்தார். அதுதான் தேர்.

எங்கள் தோட்டத்தில் இரண்டு பிரிவு. பிரிவைக் கணக்கு என்போம். மலைமேலே மேக்கணக்கு, அது நாங்கள். ஆற்றோரத்தில் கீழ்க்கணக்கு. இரண்டுக்கும் தனித்தனி மாரியம்மன் கோயில். எங்கள் அம்மன் அக்கா, அவர்கள் அம்மன் தங்கை. கீழ்க்கணக்கில் கேட்டால் மாற்றிச் சொல்வார்கள், நம்ப வேண்டாம். திருவிழாவின் கடைசி நாள் மாலையில் இரண்டு தேரும் ட்ரெக்டர் பெட்டியில் ஏறி, தேயிலைத் தொழிற்சாலை இருக்கிற ஸ்டோர் சந்திக்கு வரும். அங்கே அக்காவும் தங்கையும் முகம் பார்த்துச் சேலைத் தட்டு மாற்றிக்கொள்வார்கள். அதுதான் வழக்கம். எந்த அம்மன் அண்ணாந்து பார்க்கிறாள், எந்த அம்மன் குனிந்து பார்க்கிறாள் என்பதில் எங்கள் மானம் முழுக்க அடங்கியிருந்தது.

மேக்கணக்குத் தேரைக் கட்டுவது இவர். கீழ்க்கணக்குத் தேரைக் கட்டுவது இவருடைய மச்சான், மனைவியின் தம்பி. இருவருக்கும் ஹட்டனில் ஒரே வெல்டிங் கடையில் வேலை. சாப்பாடும் ஒரே கேரியரில்தான். திருவிழா மாதம் பிறந்துவிட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும். ஒரு வருடம் நாங்கள் தேருக்கு ஒரு தட்டு உயரம் கூட்டுவோம், அடுத்த வருடம் அவர்கள் கூட்டுவார்கள். குழாய், பலகை, கலர்த்தாள், லைட் என்று ஏறி ஏறி, தேரின் கலசம் ஸ்டோரின் மேல்மாடி ஜன்னலுக்குச் சமமாக வந்துவிட்டது. சந்தியில் ரோட்டுக்குக் குறுக்கே கரண்ட் கம்பி போகிறது. அதற்கு நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தோம். கவை வைத்த மூங்கில் கழியால் கம்பியைத் தூக்கிப் பிடிப்பது, தேர் அடியில் நுழைந்து போவது. கரண்டை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். நிறுத்தினால் பந்தல் இருண்டுவிடும், ஸ்பீக்கர் பாடாது என்று நாங்களே வேண்டாம் என்றோம்.

ஒரு வருடம் தேர் நேரத்தில் தூறல் பிடித்தது. கீழ்க்கணக்குத் தேரின் உச்சியில் மச்சானே ஏறி நின்று கம்பியைத் தூக்கினார். தன் தேரை இன்னொருவர் கையில் நம்பிக் கொடுக்க அவருக்கு மனம் வராது. மூங்கில் நனைந்திருந்தது. ஒரு வெளிச்சம், ஒரு சத்தம், ஆள் கீழே கிடந்தார். இவர் எங்கள் தேரை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். மச்சானைத் தூக்கி லொறியில் போட்டுக்கொண்டு போனதும் இவர்தான்.

உயிர் தங்கிவிட்டது. வலது கை மட்டும் மடங்கவில்லை. விரல்கள் விறைத்தபடியே நின்றுவிட்டன. வெல்டிங் வேலை அத்தோடு முடிந்தது. அப்படியிருந்தும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு அந்த மனிதர் பார்க்கப் போனவர்களிடம் என்ன சொன்னார் தெரியுமா? “வார வருசம் இதவிட ஒசரமாக் கட்டுங்கடா. என் கையிக்குப் பதில் சொல்லணும்.”

அந்தப் பேச்சு மேக்கணக்குக்கு வந்து சேர்ந்தது. எங்கள் கோயில் தலைவர் என் அப்பா. அவருக்குப் பொறுக்குமா? உடனே குழாய்கள் வந்து இறங்கின. வெல்டிங்காரரும் மறுக்கவில்லை. அவர் இரண்டு வருடமாக மனதில் வைத்திருந்த தேர் ஒன்று இருந்தது. ஐந்து தட்டு, கப்பலின் முகப்பு மாதிரி முன்னால் வளைந்து ஏறுகிற உடம்பு, உச்சியில் சுழலும் தாமரை. கோயில் வாசல் சிமெந்துத் தரையில் வெல்டிங் சோக்கால் அதை முழு அளவில் வரைந்தார். நாங்கள் எல்லாரும் கோட்டை மிதிக்காமல் சுற்றி நடந்து பார்த்தோம். என் வாழ்க்கையில் அதைப் போன்ற ஒரு தேரை நான் பார்த்ததில்லை. அடுத்த திருவிழா நெருங்குவதற்குள் மூன்று தட்டு எழுந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை மூன்றாவது தட்டில் ஏறி நின்றவர், இறங்கி நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“தலைவரே, நிப்பாட்டுவோம்.”

அப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “என்னடா, பயந்துட்டியா?”

“ஆமா, பயந்துட்டேன். நீங்களும் பயப்படுங்க.”

“அவனுக நிப்பாட்டுவானுகளா?”

“ரெண்டு கணக்கும் ஒக்காந்து பேசுவோம். கம்பிக்கு ஒரு ஆள் ஒசரம் கீழ, அதுக்கு மேல ரெண்டு பேரும் கட்டக்கூடாதுன்னு முடிவு எடுப்போம். அத்தாம் பெரிய நாடுகளே ஒக்காந்து பேசியிருக்கு, நமக்கு என்ன வந்துச்சு?”

அப்பா லேசுப்பட்டவர் இல்லை. “பேசினானுகல்ல, அப்பறம் சண்ட வரலியா?”

“வந்துச்சு. கொஞ்ச வருசம் கழிச்சுக் கையெழுத்தத் தூக்கிப் போட்டுட்டு மறுபடியும் கட்ட ஆரம்பிச்சானுக. ஆனா அந்தக் கொஞ்ச வருசம் கட்டலல்ல தலைவரே? எனக்கு அது போதும்.”

“நம்ம மொதல்ல எறங்கிப் போனா கேணப்பயலுகன்னு சொல்லுவானுக.”

“சொல்லட்டும். கேணப்பயன்னு சொன்னா யாருக்கும் கை போகாது.”

அப்பா கோப்பையை மறுபடி எடுத்தார். சரி என்று சொல்லவில்லை, ஆனால் கீழ்க்கணக்குக்கு ஆள் அனுப்பினார்.

அடுத்த நாள் ஞாயிறு. இரண்டு கணக்கும் ஸ்டோர் சந்தியில் கூடியது. கீழ்க்கணக்குத் தேர் அங்கேயே ஒரு கொட்டகையில் எழும்பிக்கொண்டிருந்தது. எங்களதைக் கம்பியோடு அளந்து பார்க்க ட்ரெக்டரில் இழுத்து வந்திருந்தார்கள். இவர் விஷயத்தைச் சொன்னார். கீழ்க்கணக்கு ஆட்கள் சிரித்தார்கள். “அத்தான் தேரு இந்த வருசம் முடியாது போல. அதுதான் சமாதானம் பேச வந்திருக்காரு” என்று ஒருவன் கத்தினான். எங்கள் பக்கத்துப் பெண்களும் விட்டுவைக்கவில்லை. “எங்க தேர எங்கள கேக்காம எப்படி விட்டுக் குடுப்பீங்க?” என்று முன்னால் வந்தார்கள். இரண்டு பக்கமும் அவருக்கு ஆள் இல்லை. மச்சான் கூட்டத்துக்கு ஓரமாக ஒரு கல்லில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெல்டிங்காரர் கண்ணாடியை மாட்டினார். கேஸ் கட்டரைப் பற்ற வைத்தார். தன் தேரில் ஏறி, மூன்றாவது தட்டைக் கயிற்றால் கட்டிவிட்டு, அடிக்குழாயை அறுக்கத் தொடங்கினார்.

ஓவென்று சத்தம் எழுந்தது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த வளைவை வெல்டிங்காரர் எப்படி வளைத்தார், எத்தனை தடவை குழாயைச் சூடாக்கித் தட்டினார் என்று சுவருக்கு மேலால் கேட்டுக்கொண்டே இருந்தவள் நான். அவர் கை ஒரு இடத்திலும் நிற்கவில்லை. தட்டு கயிற்றோடு கீழே இறங்கிற்று. அவர் இறங்கி வந்து அதன்மேலேயே உட்கார்ந்தார், கட்டரை அணைக்காமல்.

“எங்களது கம்பிக்குக் கீழ வந்துருச்சு” என்றார். “நீங்க கட்டுறதுன்னா கட்டுங்க. இந்த வருசம் எங்க அம்மன் அண்ணாந்து பாப்பா. பரவால்ல, தங்கச்சிதானே.”

யாரும் சிரிக்கவில்லை. தூறல் விழ ஆரம்பித்தது. யாரும் குடை விரிக்கவும் இல்லை. பிறகு மச்சான் எழுந்து வந்தார். வந்து கட்டருக்கு இடது கையை நீட்டினார்.

“குடுங்க அத்தான்.”

“ஒன் கை புடிக்காதே.”

“ஒங்க கை இருக்குல்ல.”

இருவரும் கீழ்க்கணக்குத் தேரில் ஏறினார்கள். அந்த விறைத்த விரல்களைக் கட்டரின் பிடியில் வைத்து, மேலே தன் கையை வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார் இவர். நெருப்பு குழாயைத் தொட்டது. மச்சான் அழுதுகொண்டே அறுத்தார், நாங்கள் அழுதுகொண்டே பார்த்தோம். உச்சித் தட்டு கழன்று இறங்கியபோது முதலில் கை தட்டியது என் அப்பா.

அந்த வருடத் திருவிழாவில் மூங்கில் கழிக்கு வேலை இருக்கவில்லை. இரண்டு தேரும் கம்பிக்கு அடியில் தாராளமாக நுழைந்து வந்து எதிரெதிரே நின்றன. அக்காவும் தங்கையும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். ராகலையிலிருந்து கல்யாணமாகிப் புதிதாக வந்திருந்த பெண்ணொருத்தி, எங்கள் தேரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இதுதானா நீங்க கட்டின பெரிய தேரு? குட்டையா இருக்கே” என்று வெல்டிங்காரரிடமே கேட்டுவிட்டாள்.

அவருக்குக் கொஞ்சமும் முகம் சுருங்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கரண்ட் கம்பிக்கு மேலே வெறும் ஆகாயத்தைக் கை நீட்டிக் காட்டினார்.

“அந்தா, அங்க பாரு. மூணாந் தட்டு அங்க வருது. அதுக்கு மேல நாலு, அஞ்சு. அந்த மேகத்துக்குப் பக்கத்துல சுத்துது பாரு, அதுதான் தாமரை. அம்புட்டும் எங்க தேரு.”

அந்தப் பெண் அண்ணாந்து பார்த்தாள். நானும் பார்த்தேன், என் அப்பாவும் பார்த்தார். பக்கத்தில் நின்ற மச்சானும் நன்றாக அண்ணாந்து பார்த்துவிட்டு, மடங்காத கையைத் தூக்கி இன்னும் கொஞ்சம் மேலே காட்டினார்.

“எங்களது அதுக்கும் மேல ஒரு மொழம்” என்றார்.